வரைபலகையும் வேலைத்தளமும்: இலங்கையிற் குடிசார் பொறியியலாளரின் தொழில் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

'சிவில் எஞ்சினியர்' என்ற தொழிற்பெயர் ஆங்கிலத்தில் வழக்குக்கு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாகும். கோட்டை கொத்தளங்களையும் படைவழிகளையும் அமைத்துவந்த இராணுவப் பொறியியலாளரிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டும் பொருட்டு, கலங்கரை விளக்கமும் பாலமும் துறைமுகமும் அமைத்த ஜோன் சிமீற்றன் முதலானோர் அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். 1818ஆம் ஆண்டில் இலண்டனிற் குடிசார் பொறியியலாளர் நிறுவகம் தோன்றியது. 'குடிசார்' என்ற தமிழ் அடைமொழி அந்த வேறுபாட்டை நன்றாகவே உணர்த்துகின்றது. ஆயின், அதே 1818இல் இலங்கையில் நிகழ்ந்துகொண்டிருந்தது வேறு. ஊவா-வெல்லஸ்ஸைக் கிளர்ச்சியைப் பிரித்தானியப் படைகள் அடக்கிக்கொண்டிருந்தன. மலைநாட்டைக் கைப்பற்றிய ஆட்சிக்கு, அதனைக் கையில் வைத்திருக்கத் தெருக்கள் வேண்டும் என்ற பாடத்தைப் புகட்டியது அக்கிளர்ச்சிதான். எனவே இந்நாட்டின் குடிசார் பொறியியல், பெயரளவிற் குடிசார்ந்ததாயினும், பிறப்பாற் படைசார்ந்தது.

இத்தொழிலின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் கட்டிமுடிக்கப்பட்டவற்றையே பட்டியலிடுவர். எத்தனை மைல் தெரு, எத்தனை ஏக்கர் அடி நீர், எத்தனை பாலம் என்ற கணக்கு அது. அதிலும் ஆழமான வினா ஒன்றுண்டு. ஒவ்வொரு காலத்திலும் பொறியியலாளனுக்கு வேலை கொடுத்தவர் யார்? அந்த வேலையில் வரைபலகை யாருடைய மேசையில் இருந்தது? இலங்கையிற் பொறியியற் கல்வி பெற்றோருக்கு வேலைத்தளம் ஏறக்குறைய எக்காலத்திலும் கிடைத்துள்ளது. வரைபலகையோ அருமையாகவே கிடைத்தது.

தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்திற் கொழும்பு-கண்டித் தெரு அமைக்கப்பட்டது. அதன் பகுதியொன்று பதினாறு வயதையும் தாண்டாத தோமஸ் ஸ்கின்னர் என்ற இளம் படை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. தெரு அமைக்கும் கலை தமக்கு அறவே தெரியாதிருந்ததைப் பிற்காலத்தில் அவரே தமது வாழ்க்கை வரலாற்றில் ஒளிவின்றி எழுதியுள்ளார். வேலை செய்து செய்தே கற்ற அவர், பின்னர் தெருக்களுக்கு ஆணையாளராகி, 1867இல் ஓய்வுபெறும்வரை நாட்டின் தெருவலையை விரித்தவர். கடுகண்ணாவைக் கணவாயில் நினைவுக் கோபுரம் பெற்ற கப்டன் டோசனும் படையினரே. 1833இற் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே, ஏறத்தாழ 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாவும் முதிரை மரப்பாலத்தை அமைத்த பிரேசரும் படையினரே. அப்பாலம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நின்று 1905இற்றான் அகற்றப்பட்டது. பேராதனையிற் பயிலும் பொறியியல் மாணவன் நாள்தோறும் கடக்கும் ஆற்றில் அது இருந்தது என்பதை அறிந்தோர் இன்று சிலரே.

தெருவுக்குக் கல் உடைத்தவர் யார்? தொடக்கத்தில் இராசகாரியம் என்ற கட்டாய ஊழிய முறையின் கீழ்க் கண்டிய விவசாயிகள். அம்முறை 1832இல் ஒழிக்கப்பட்ட பின்னர்ப் பயனியர் படையிற் சேர்க்கப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராயினர். 1848ஆம் ஆண்டின் தெருச்சட்டம், உடல்நலமுள்ள ஒவ்வோர் ஆடவனும் ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும் அல்லது பணம் கட்டவேண்டும் என்றபோது, அது அவ்வாண்டின் கலகத்துக்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, தெருவின் நோக்கம் படை நகர்வதிலிருந்து மூட்டை நகர்வதற்கு மாறியது. 1858இல் தொடங்கிய புகையிரதப் பாதை வேலை 1867இற் கண்டியை எட்டியதும் கோப்பிக்காகவே. பிரதம பொறியியலாளர் கில்போட் மோல்ஸ்வேர்த், ஒப்பந்தகாரர் பாவியெல் ஆகிய இருவரும் ஆங்கிலேயர். கடுகண்ணாவை மலையைக் குடைந்தோரின் பெயர்களை எந்தப் பதிவேடும் பேணவில்லை.

இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பொறியியலாளர் என்போர் கப்பலில் வந்திறங்குபவராகவே இருந்தனர். சுதேசிக்குத் திறந்திருந்த பதவி மேற்பார்வையாளர் பதவியாகும். மக்கள் வழக்கில் 'ஓவசியர்'. 1893இற் கொழும்பு மருதானையில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கப்பட்டபோது அதன் நோக்கம் வெளிப்படையானது. பொது வேலைத் திணைக்களம், புகையிரதம், நில அளவை முதலிய பகுதிகளுக்கு இடைநிலை ஊழியரைப் பயிற்றுவிப்பதே அது. 1906இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவன் வேண்டும். வரையத் தெரிந்தவன் இங்கிலாந்திலிருந்து வருவான். இக்கல்வி முறையின் உட்கிடை இதுதான்.

அந்த வரம்பைத் தாண்டியவர்களுள் டி. ஜே. விமலசுரேந்திர முதன்மையானவர். பொது வேலைத் திணைக்களத்திற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த அவர், மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியை அளந்து, அவற்றிலிருந்து இந்நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்ற கட்டுரையை 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் படித்தார். திணைக்களம் அவரைத் தெருவுக்கும் கட்டடத்துக்கும் நியமித்திருந்தது. அவரோ நாட்டின் பொருளாதாரத்தையே வரைபலகையில் விரித்தார். லக்சபானத் திட்டம் தொடங்கப்பட்டு, இடைநிறுத்தப்பட்டு, 1950இற்றான் மின்சாரம் தந்தது. 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று, அங்கும் அவர் அதே வாதத்தைத் தொடர வேண்டியிருந்தது. பொறியியலாளன் ஒருவன் தன் வரைபடத்தை நிறைவேற்றத் தேர்தலில் நிற்க நேர்ந்த விந்தை இது.

நீர்ப்பாசனத் துறையின் கதை சற்று வேறுபட்டது. தெருவும் புகையிரதமும் வெளியிலிருந்து வந்த கலைகள். குளமோ இம்மண்ணின் கலை. உலர்வலயக் குளங்களைத் திருத்தவந்த ஆங்கிலப் பொறியியலாளர், தமக்கு முன்னர் இங்கு வேலை செய்தவர்களை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1873 முதல் இத்துறையிற் பணியாற்றிய ஹென்றி பாக்கர், பழைய குளங்களின் துருசுகளை ஆராய்ந்து, நீரின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் 'பிசோகொட்டுவ' என்ற கிணறு போன்ற அமைப்பைக் கண்டார். அது தமது காலத்து வால்வுக் கோபுரத்தின் முன்னோடி என 1909இல் வெளியிட்ட நூலில் அவர் ஏற்றுக்கொண்டார். பெயர் தெரியாத பொறியியலாளருக்கு அளிக்கப்பட்ட அரிய பாராட்டு அது. 1900ஆம் ஆண்டில் நீர்ப்பாசனம் தனித் திணைக்களமாயிற்று. அடுத்த இரு தசாப்தங்களிற் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. அந்த வேலைத்தளத்தின் தொழிலாளர் குடியிருப்பிலிருந்தே கிளிநொச்சி என்ற நகரம் வளர்ந்தது.

திணைக்களப் பொறியியலாளனின் வாழ்வு எளிதன்று. மலேரியாவை டீ.டீ.ரீ. மருந்து கட்டுப்படுத்திய 1940களின் இறுதிவரை, வன்னிக்கும் பொலன்னறுவைக்கும் இடமாற்றம் பெறுவதைத் தண்டனையாகக் கருதியோர் பலர். ஆனால், காட்டு விடுதிகளில் வாழ்ந்து குளங்களை அளந்தவர்களிடமே நாட்டின் நீர் பற்றிய அறிவு திரண்டது. அவர்களுள் ஒருவரான சண்முகம் ஆறுமுகத்தின் பணி ஈண்டு விரிவாக நோக்கத்தக்கது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையுள் இறங்கி, கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கிணறுகள் அந்த வில்லையிலிருந்தே இறைக்கின்றன. அளவுக்கு மீறி இறைத்தாற் கீழிருந்து உப்பு ஏறும். மறுபுறம், வன்னியின் ஆறுகள் மாரியிற் பெருக்கெடுத்து ஆனையிறவுக் கடனீரேரியில் வீழ்ந்து வீணே கடலைச் சேர்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பது பற்றி ஆறுமுகத்துக்கு முன்பும் சிலர் எண்ணியதுண்டு. அதனை அளவும் மட்டமும் கொண்ட திட்டமாக 1954இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற கருத்தில் வகுத்தவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளரான ஆறுமுகமே.

திட்டத்தின் எளிமையே அதன் அழகு. ஆனையிறவுக் கடனீரேரி மேற்கே பாதைகள் செல்லும் ஒடுங்கிய இடத்திலும் கிழக்கே சுண்டிக்குளத்திலும் கடலோடு தொடர்புடையது. இவ்விரு வாய்களையும் அணையிட்டு அடைத்து, மேலதிக வெள்ளம் வான்பாய வழி விட்டால், ஆண்டுதோறும் மழைநீர் உப்பைக் கழுவி, கடனீரேரி நன்னீர் ஏரியாகும். அங்கிருந்து முள்ளியான் கால்வாய் வழியாக நீர் வடமராட்சிக் கடனீரேரிக்குச் செல்லும். பின்னர் உப்பாற்றை அடையும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் உப்புநீரைத் தடுத்து நிற்கும். புதிய நகரமோ உயர்ந்த அணையோ எதுவும் வேண்டியதில்லை. பூமியின் இயல்பான சரிவுடன் ஒத்துழைத்தாற் போதும். தடுப்பணைகள் 1950களிற் கட்டப்பட்டன. சுண்டிக்குள அணையும் கால்வாயின் ஒரு பகுதியும் 1960களில் எழுந்தன. கால்வாய் முற்றுப்பெறவில்லை. அணை வெள்ளத்தால் உடைந்தது. தடுப்பணைகளின் கதவுகள் பராமரிப்பின்றி உக்கி உப்புநீருக்கு வழிவிட்டன. ஒரு பொறியியலாளனின் வரைபடம் தவறென நிறுவப்படாமலே கைவிடப்பட்டமைக்கு இதனினும் தெளிவான உதாரணம் இந்நாட்டிற் கிடைப்பதரிது. 1969இல் இலங்கையின் நீர்வளம் பற்றிய பெருநூலை வெளியிட்ட ஆறுமுகம், ஓய்வுக்குப் பின்னர் ஈழத்துக் கோயில்களின் வரலாற்றையும் இலங்கைத் தமிழரின் வாழ்க்கை வரலாற்று அகராதியையும் எழுதியமை தற்செயலாகத் தோன்றவில்லை. கைவிடப்பட்டவற்றைப் பதிவு செய்யும் பழக்கம் அவருக்குத் தொழிலிலேயே வந்திருக்கலாம்.

சுதந்திரத்தின் பின் பொறியியலாளருக்கான தேவை திடீரெனப் பெருகியது. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடம் கொழும்பில் தொடங்கியது. பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரெய்ரா அதன் முதன்மைச் சிற்பியாவார். 1964இல் அது பேராதனைக்கு மாறியது. கட்டுபெத்தையில் 1966இல் நிறுவப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரி 1972இற் பல்கலைக்கழக வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. இலண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குக் காத்திருந்த தலைமுறை ஒழிந்து, உள்நாட்டிலேயே பட்டதாரி உருவானான். ஆனால் அவனுக்கு வரைபலகை கிடைத்ததா? 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலை அணையைக் கட்டியது அமெரிக்க நிறுவனமான மொரிசன்-நூட்சன். இயந்திரங்களை இயக்குவதில் இலங்கையர் பெற்ற அனுபவம் பெரிதே. முதன்மை வடிவமைப்பு அனுபவம் அவ்வாறன்று.

இந்நிலையை மாற்ற முயன்ற ஒரு காலப்பகுதி உண்டு. 1962இல் அரசாங்கப் பொறியியற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, ஏ. என். எஸ். குலசிங்க அதன் தலைவரானார். முன்தகைத்த கொங்கிறீற்றை இந்நாட்டிற் பரப்பியவர் அவரே. 1965இற் கொழும்பில் எழுந்த கோள்மண்டலமும், களுத்துறையில் உள்ளே வெற்றிடமாக அமைந்த தாதுகோபமும் அவர் வழிநடத்திய வேலைகளுட் குறிப்பிடத்தக்கவை. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலமாதலால் இரும்பும் சீமெந்தும் அரியன; சிக்கனமே வடிவமைப்பின் இலக்கணமாயிற்று. தட்டுப்பாடு தந்த நன்மை என இதனைப் போற்றுவது மிகைப்பட்ட கூற்று. எனினும், பிறரிடமிருந்து வாங்க முடியாதபோது தாமே சிந்திக்க நேர்ந்த ஒரு தலைமுறை அது என்பதை மறுக்கவியலாது.

அத்தலைமுறையின் தமிழ்ப் பொறியியலாளருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. பொறியியலாளரின் மிகப் பெரிய எசமானர் அரசே என்ற நிலையில், அரசின் மொழிக்கொள்கை தொழிற்கொள்கையுமாயிற்று. 1956இல் உத்தியோக மொழிச் சட்டம் நிறைவேறிய அதே ஜூன் மாதத்தில், கல்லோயாப் பள்ளத்தாக்கிலேயே தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. 1961இன் திறைசேரிச் சுற்றறிக்கையின்படி, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாதோரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அதனை எதிர்த்து வழக்காடிய கோடீஸ்வரன் எழுதுவினைஞர் சேவையினர். ஆயின் அச்சுற்றறிக்கையின் நிழல் எல்லாத் திணைக்களங்களிலும் விழுந்தது. அடுத்து வந்தது பல்கலைக்கழக அனுமதி. 1970ஆம் ஆண்டுப் பரீட்சையின் அடிப்படையிற் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவன் 250 புள்ளிகளும் சிங்கள மொழிமூல மாணவன் 227 புள்ளிகளும் பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. பின்னர்த் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் தொடர்ந்தன. பின்தங்கிய மாவட்டங்களின் மாணவருக்கு, வன்னி, மட்டக்களப்பு மாணவர் உட்பட, மாவட்ட ஒதுக்கீடு கதவைத் திறந்தது என்பதும் உண்மையே. அதனை யாழ்ப்பாணத்தார் எழுதிய வரலாறுகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. ஆனால் ஒரே வினாத்தாளுக்கு மொழியால் இரு அளவுகோல் வைத்தமையை எந்தச் சமூகநீதியாலும் நியாயப்படுத்தல் இயலாது. பொறியியற் பீட அனுமதி ஒரு தலைமுறையின் அரசியலையே தீர்மானித்தமைக்கு, அப்பட்டத்துக்கு அப்பால் அரசுசாராத் தொழில்வாய்ப்பு மிகக் குறுகியிருந்தமையும் காரணமாகும்.

மகாவலியின் வரலாறு இவ்வினாக்களையெல்லாம் ஒருங்கே எழுப்புகின்றது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியுடன் 1968இல் வகுக்கப்பட்ட பெருந்திட்டம் முப்பது ஆண்டுகளை வேண்டிநின்றது. அதன் முதற்கட்டமான பொல்கொல்லைத் திசைதிருப்பல் 1976இல் நிறைவெய்தியது. 1977இன் பின் வந்த அரசாங்கம் பிரதான வேலைகளை ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குச் சுருக்கியது. வேகம் வேண்டுமெனிற் கடன் வேண்டும்; கடன் தந்த நாடு தன் ஆலோசகரையும் ஒப்பந்தகாரரையும் உடன் அனுப்பியது. விக்டோரியா பிரித்தானியருக்கும், கொத்மலை சுவீடனுக்கும், ரந்தெனிகலை ஜேர்மனிக்கும், மாதுறு ஓயா கனடாவுக்கும் உரியனவாயின. 122 மீற்றர் உயரமான விக்டோரியா வளைவணை 1985இல் திறந்துவைக்கப்பட்டது. இலங்கைப் பொறியியலாளர் ஆயிரக்கணக்கில் வேலை பெற்றனர். வாய்க்கால்களையும் குடியேற்றத் தெருக்களையும் அவர்களே வடிவமைத்தனர். 1973இல் தோன்றிய மத்திய பொறியியல் ஆலோசனைப் பணியகம் வலுப்பெற்றது. ஆனால் தலையணைகளின் வரைபலகைகள் வெளிநாட்டு அலுவலகங்களிலேயே இருந்தன. நாட்டு வரலாற்றின் ஆகப்பெரிய குடிசார் வேலைக்காலம் வந்தபோது, நாட்டின் பொறியியலாளர் மீண்டும் ஒருவகையில் உயர்தர ஓவசியராயினர் எனச் சொன்னால் அது கடுமையாக ஒலிக்கலாம், முற்றிலும் தவறாகாது. மாதுறு ஓயாவில் அணைக்கு நிலம் வெட்டுகையில், அதே இடத்திற் பழங்காலத்தவர் அமைத்த துருசு வெளிப்பட்டது. அதற்கு வெளிநாட்டு ஆலோசகர் எவரும் வந்ததாகச் சான்றில்லை.

இதே காலத்திற் பலர் நாட்டைவிட்டு நீங்கினர். சாம்பியாவும் நைஜீரியாவும் முதலில் அழைத்தன. 1973இன் எண்ணெய் விலையேற்றத்தின் பின் வளைகுடா நாடுகள் அழைத்தன. 1983 யூலையின் பின்னர்த் தமிழர் பலர்க்கு அழைப்பே வேண்டியிருக்கவில்லை. அகன்று சென்றோர் அங்கு வரைபலகையைப் பெற்றனரா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பலர் அங்கும் வேலைத்தளத்திலேயே நின்றனர்.

ஆய்வுத்துறையைத் தேர்ந்தோர் மிகச் சிலர். அவர்களுட் பேராசிரியர் அழகையா துரைராசா தனித்து நிற்கின்றார். வடமராட்சியின் கம்பர்மலையிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் களிமண்ணின் இயல்பை ஆராய்ந்த அவர், ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரை, இன்று உலகெங்கும் மண்பொறியியல் மாணவர் கற்கும் 'கேம் களி' மாதிரியின் அடித்தளங்களுள் ஒன்று. அந்த அளவுக்குப் பெயர்பெற்றவர் மேலைநாட்டில் தங்கியிருக்கலாம். அவர் பேராதனைக்குத் திரும்பிப் பீடாதிபதியானார்; பின்னர் 1988இல், போரும் பொருளாதாரத் தடையும் சூழ்ந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். எரிபொருளற்ற நகரத்தில் மிதிவண்டியிற் சென்று அப்பல்கலைக்கழகத்தைக் காத்து, 1994இல் மறைந்தார். குடிசார் பொறியியலாளனுக்குரிய தொழில்களின் பட்டியலில் இதற்கு இடமில்லை.

இன்று பட்டதாரிமுன் உள்ள வழிகள் முன்னையினும் பலவாயுள்ளன. வீதி அபிவிருத்தி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், 1975இல் தோன்றிய தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகியவற்றோடு தனியார் ஆலோசனை நிறுவனங்களும் மாடிக்கட்டட ஒப்பந்தகாரரும் உளர். 2011இல் திறக்கப்பட்ட தென்மாகாண அதிவேகப் பாதை முதலான பெருவேலைகள் மீண்டும் கடனாலும் வெளிநாட்டு ஒப்பந்தகாரராலும் நிறைவேறின. 2022இன் பொருளாதார நெருக்கடியிற் கட்டுமானம் முடங்கியபோது, கடவுச்சீட்டு வரிசையில் நின்றோருட் பொறியியலாளரும் இருந்தனர்.

துரைராசா மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து இரணைமடு அணைக்கட்டுக்கு அதிக தூரமில்லை. மாரி காலத்திற் குளம் நிறைந்து வான்பாயும் நீர், கனகராயன் ஆற்றின் வழியே வடக்கே ஓடி, ஆனையிறவுக் கடனீரேரியில் வீழ்கின்றது. முள்ளியான் கால்வாயின் வெட்டி முடிக்கப்படாத பகுதி அதற்கு அப்பாற் கிடக்கின்றது.